நனையாத பை

அரிசியையும் மண்ணெண்ணெய் டின்னையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டுகிறவர்களோடு நான் அதிகம் பேச்சு வைத்துக்கொள்வதில்லை. அவர்கள் கெட்டவர்கள் என்று சொல்லவில்லை. யோசிக்காதவர்கள், அவ்வளவுதான். காலையில் யோசிக்காமல் கட்டியது சாயங்காலம் மலைமேல் சோற்றில் மணக்கும்.

என் பெயர் ராஜாங்கம். வயது நாற்பத்தேழு. கள்ளக்குறிச்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். வாயால் சொன்னால் முன்பின்னாக வந்துவிடும், நானே எழுதித் தருகிறேன் என்றேன். ஸ்டேஷனில் பேனாவும் தாளும் கொடுத்து டீயும் வாங்கி வைத்தீர்கள். நன்றி. போன செப்டம்பரில் தமிழரசன் செத்த விவகாரம் பற்றி உங்கள் காகிதங்களில் இருப்பது சரியில்லை. அதைச் சரி செய்யத்தான் வந்திருக்கிறேன்.

எங்கள் மலைநடைக் குழுவைப் பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு நான்தான் ஆரம்பித்தேன். வாத்தியார்கள், கடைக்காரர்கள், குமாஸ்தாக்கள் என்று ஒன்பது பேர். வருடத்தில் இரண்டு தடவை கல்வராயன் மலையில் நாலைந்து நாள் நடப்போம். தலைவனும் நான்தான், சாமான் கட்டுகிறவனும் நான்தான். பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்தில் அதற்கென்று ஓர் அறையே கேட்டு வாங்கியிருந்தேன்.

எதற்கு எந்தப் பை என்பதில் எனக்குத் தீர்மானம் உண்டு. அரிசி, பருப்புக்கு மைதா மாவு வருகிற துணிப்பை; காற்று போகும், புழுங்காது. பாத்திரங்களுக்குக் கோணி. கூடாரத்துக்கும் கயிற்றுக்கும் ராணுவ ஏலத்தில் வந்த கேன்வாஸ் பை. போர்வை, தீப்பெட்டி, மருந்து இந்த மூன்றுக்கு மட்டும் யூரியா மூட்டைக்கு உள்ளே வருகிற பிளாஸ்டிக் உள்பை. அதைக் கோமுகி வாய்க்காலில் மூன்று தடவை அலசி, உர வாடை போகிறவரை வெயிலில் போடுவேன். வாயை முறுக்கி, மடித்து, சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தை மாட்டினால் ஆற்றில் தூக்கிப் போட்டாலும் உள்ளே ஒரு சொட்டு இறங்காது. இல்லாமல் முடியாது என்கிற சாமானை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் முதுகில் ஏற்றுவேன். ஒன்று போனாலும் ஒன்று இருக்கும். இத்தனை வருடத்தில் எங்கள் குழுவில் ஒருவர்கூட ஈரப் போர்வையில் படுத்ததில்லை.

தமிழரசன் எண்பத்தைந்தில் வந்து சேர்ந்தான். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர். அப்போது இருபத்தேழு வயது. மெலிந்த உடம்பு, நல்ல நடை. சேர்ந்த அன்றைக்கே என்னைத் தனியாகக் கூப்பிட்டு, தனக்குச் சின்ன வயதிலிருந்தே வலிப்பு உண்டு என்றும், காலையும் மாலையும் ஒரு மாத்திரை போட்டுக்கொண்டால் எதுவும் வராது, ஏழு வருடமாக வரவில்லை என்றும் சொன்னான்.

“உங்ககிட்ட மறைக்கக் கூடாதுன்னு தோணுச்சி மாஸ்டர். மத்தவங்களுக்குத் தெரிய வேணாங்க. தெரிஞ்சா அப்பறம் என்னைப் பாக்கற பார்வையே மாறிடும்.”

யாரிடமும் சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்தேன். அந்த வாக்கை நான் மீறவே இல்லை. இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

எண்பத்தேழு ஜனவரியில் மேலே ஒரு நாள் பனி இறங்கிவிட்டது. வழி பிசகி நாலு மணி நேரம் சுற்ற வைத்துவிட்டேன். யாருக்கும் நடப்பதுதான். தமிழரசன் ஓடிப்போய், புல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு மலைக்காரப் பெண்ணிடம் வழி கேட்டு வந்து எல்லோரையும் இறக்கிவிட்டான். அவன் அப்படித்தான்; யாரிடமும் போய்ப் பேசுவான், பெயர் கேட்பான், அடுத்த தடவை போகும்போது அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான். கடைசியாக வருகிறவனோடு சேர்ந்து நடப்பான். தலைவன் முன்னால் நடக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

ஜூனில், ஷேக் மைதீன் கடை மாடியில் கூட்டம் நடந்தது. மைதீன் பாய் கள்ளக்குறிச்சி மார்க்கெட் பக்கம் சாக்கு, தார்ப்பாய், கயிறு வியாபாரம் செய்கிறவர். குழுவின் முதல் நாளிலிருந்து என்னோடு இருப்பவர். அந்தக் கூட்டத்தில் தமிழரசனைத் தலைவனாக்கினார்கள். எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

“நீங்க இனிமே நிம்மதியா சாமான மட்டும் பாத்துக்கினா போதும் மாஸ்டர்” என்றார் பாய். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எனக்கு வருத்தம் இல்லை. கவலைதான் இருந்தது. வலிப்பு உள்ள ஒருவன் எட்டுப் பேரைப் பாறை விளிம்பில் கூட்டிக்கொண்டு போகிறான். அது யாருக்கும் தெரியாது. சொல்லலாம் என்றால் வாக்குக் கொடுத்திருக்கிறேன். நான் வாயைத் திறக்காமல் அவர்களாகவே ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அவர்களே முடிவு செய்துகொள்வார்கள் என்று நினைத்தேன். இரண்டு மாதம் யோசித்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் அதுதான் நியாயமாகத் தெரிந்தது.

ஆகஸ்டிலேயே சுவரெல்லாம் எழுதிவிட்டார்கள்: இட ஒதுக்கீடு கேட்டு செப்டம்பரில் ஏழு நாள் சாலை மறியல். பஸ் ஓடாது, ஆபீஸ் நடக்காது. அந்த வாரமே மலைக்குப் போய்விடலாம், மறியல் தொடங்குவதற்கு முந்தின நாள் ஏறி, முடிந்த பிறகு இறங்கலாம், யாரும் லீவு போடவேண்டாம் என்று யோசனை சொன்னது நான்தான். எல்லோருக்கும் பிடித்துவிட்டது. நடுவில் ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் எப்படி இறங்குவது என்று ஒருவரும் கேட்கவில்லை. தலைவன்கூடக் கேட்கவில்லை.

அந்தப் பயணத்துக்குப் பை வாங்க மைதீன் பாய் கடைக்குப் போனேன். வழக்கம்போல எல்லாவற்றையும் தடவிப் பார்த்து எடுத்தேன். கடைசியில் ஒரு சின்ன, மெல்லிய மல்லுத் துணிப் பையையும் எடுத்து வைத்தேன்.

“இது இன்னாத்துக்கு மாஸ்டர்? தண்ணி பட்டா நிக்காதே.”

“சின்னச் சாமானுக்கு பாய். பாரம் கம்மியா இருக்கும்.”

“நீங்களா பாரம் கம்மின்னு சொல்றது!” என்று சிரித்தார். தமிழரசன் எப்போதும் என்னிடம், இவ்வளவு பை எதற்கு, பாரத்தைக் குறைக்கக் கூடாதா என்று கேட்பான். பாய் அதை நினைத்துச் சிரித்திருப்பார்.

குழுவில் எல்லோருடைய மருந்தும் சாமான் அறைக்கு வந்து, என் கையால் கட்டப்பட வேண்டும். அது நான் போட்ட விதி. தமிழரசனின் மாத்திரைகளை அவன் மனைவி அம்சவள்ளி கொண்டுவந்து கொடுத்தாள். முப்பத்திரண்டு.

“எட்டு நாளைக்குப் பதினாறு போதும் சார். டபுளா வச்சிருக்கேன். அவரு மறந்துடுவாரு, நீங்க கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க.”

“கவலைப்படாதம்மா. ரெண்டா பிரிச்சித்தான் கட்டுவேன்” என்றேன். அப்படியே பிரித்தேன். பதினாறை உள்பையில் போட்டு முறுக்கி வளையம் மாட்டி என் பையின் அடியில் வைத்தேன். பதினாறை அந்த மல்லுத் துணிப்பையில் போட்டு, பாத்திரக் கோணியின் அடியில் வைத்தேன். குழுவில் உயரம் கம்மியானவர் ஒரு தபால்காரர். கோணியை அவருக்குக் கொடுத்தேன். ஆள் உயரம் பார்த்துப் பாரம் பிரிப்பது என் வழக்கம்.

புதன்கிழமை பஸ்ஸில் வெள்ளிமலை போய்ச் சேர்ந்தோம். அன்றைக்கு வேண்டிய மாத்திரை தமிழரசனின் சட்டைப் பையில் இருந்தது. வியாழக்கிழமை காலையில் அவன் அவசரமாகக் கிளம்பினான். மாத்திரையை மத்தியானம் எடுத்துக்கொள்ளலாம் என்றான். நான் ஞாபகப்படுத்தவில்லை. பத்து மணிக்கு ஓர் ஓடையைக் கடந்தோம். முந்தின இரண்டு நாள் மழையில் தண்ணீர் எனக்கு இடுப்புக்கு மேல் ஓடியது. தபால்காரருக்கு மார்பு வரை வந்தது. கோணி முக்கால்வாசி முங்கி எழுந்தது. நான் அக்கரையில் நின்று அவருக்குக் கை கொடுத்துத் தூக்கிவிட்டேன்.

சாயங்காலம் ஒரு பெரிய பாறைமேல் தங்கினோம். மத்தியானம் மறந்துவிட்ட தமிழரசன் அப்போதுதான், நான் சொல்லியிருந்த கோணியை அவிழ்த்தான். துணிப்பையில் வெள்ளைக் கறையும் விரலில் ஒட்டுகிற மாவும்தான் மிச்சம்.

என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை என்று அக்டோபரில் இந்த ஸ்டேஷனில் சொல்லியிருந்தேன். அது சரியில்லை. அவன் கேட்டான். மற்றவர்கள் சுள்ளி பொறுக்கப் போயிருந்தபோது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, மெதுவாகக் கேட்டான்.

“மாஸ்டர், எல்லாம் கரைஞ்சி போச்சி. நீங்க ரெண்டா பிரிச்சிருப்பீங்க இல்ல? இன்னொண்ணு எதுல கீது?”

“இந்தத் தடவ பிரிக்கலப்பா. பாரம் ஜாஸ்தின்னு நீதான சொல்லிக்கினே இருப்ப.”

“ஆமாங்க, நான்தான் சொன்னேன்” என்றான். பிறகு ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்து அந்தத் துணிப்பையை முக்கி, கசக்கிப் பிழிந்து குடித்தான். மறுபடி தண்ணீர் ஊற்றி மறுபடி பிழிந்தான். என் பை எனக்கும் அவனுக்கும் நடுவில் இருந்தது. அவன் டம்ளரை வைக்க இடம் தேடி, அதன்மேல்தான் வைத்தான்.

“எறங்கிடலாமாங்க?”

“எங்க எறங்கறது? ரோடெல்லாம் மரத்த வெட்டிப் போட்டிருப்பான். ஒம்பது வருஷமா வரல, ஆறு நாள்ள வந்துடுமா? தலைவன் நீயே எறங்கணும்னா மத்தவங்களுக்குக் காரணம் சொல்லணுமே.”

அவன் எழுந்து, சுள்ளியோடு வந்தவர்களுக்கு அடுப்பு மூட்டப் போனான்.

வெள்ளிக்கிழமை எதுவும் நடக்கவில்லை. வழக்கம்போலக் கடைசி ஆளோடு நடந்தான். சனிக்கிழமை காலையில் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தவன், கரண்டியோடு பக்கவாட்டில் விழுந்தான். இரண்டு நிமிடம் இருக்கும். எல்லோரும் பார்த்தார்கள். உடை நனைந்தது, நாக்கைக் கடித்து ரத்தம் வந்தது. நான் நினைத்தது அத்தோடு முடிந்துவிட்டது. அந்த இடத்தில் என் பையைத் திறந்திருக்கலாம். திறப்பதாகத்தான் இருந்தேன்.

மைதீன் பாய் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். தன் துண்டால் வாயைத் துடைத்தார். அவன் கண் விழித்ததும் முதலில் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டான்.

“அட போப்பா, இதுக்குப் போயி. எங்க மாமுக்குக் கூட இருந்திச்சி, அவரு எழுபது வயசு வரிக்கும் வண்டி ஓட்னாரு” என்றார் பாய்.

தபால்காரர் தன் வேட்டியை அவிழ்த்துக் கொடுத்துவிட்டு, தான் அரைக்கால் சட்டையோடு நின்றார். ஒருவன், “தலைவர் படுத்துக்கினே வழி சொல்லட்டும், நாம தூக்கிக்கினு நடப்போம்” என்றான். சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவர்கள் யாரும் பயப்படவில்லை. இவனா நம் தலைவன் என்று ஒரு முகத்திலும் தெரியவில்லை. ஒருவர்கூட என் பக்கம் திரும்பி, இனி என்ன செய்யலாம் மாஸ்டர் என்று கேட்கவில்லை. அவனைத்தான் கேட்டார்கள், படுத்துக் கிடந்தவனை.

நான் பையைத் திறக்கவில்லை. கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போனேன்.

ஞாயிற்றுக்கிழமை விடியும்போது மறுபடி வந்தது. நிற்கவில்லை. ஒன்று முடிந்து நினைவு திரும்புவதற்குள் அடுத்தது. ஆள் போய்ச் சொன்னதும் பக்கத்து ஊரிலிருந்து முனியன் என்பவர் மூன்று ஆட்களோடு வந்தார். தமிழரசன் போன வருடமே பெயர் கேட்டுப் பழகி வைத்திருந்த ஆள். இரண்டு மூங்கில் வெட்டி, போர்வையைக் கட்டித் தூளி செய்தார். மைதீன் பாய் டாக்டரைப் பார்க்க முன்னால் ஓடினார். மற்ற ஆறு பேரும் சாமான்களோடு பின்தங்கிவிட்டார்கள். முனியனின் ஆட்களோடு நானும் தோள் கொடுத்தேன். மலையடிவாரம் வரை எட்டு மணி நேரம். அவர்கள் மாற்றி மாற்றிச் சுமந்தார்கள். முன்மூங்கிலை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. தோள் தோலுரிந்து ஒரு மாதம் புண்ணாக இருந்தது. என் பை முதுகில்தான் இருந்தது. கழற்றிக் கொடுங்கள் என்று முனியன் இரண்டு தடவை கேட்டார். பழக்கம், இருக்கட்டும் என்றேன்.

வழியில் ஒருமுறை அவனுக்கு வலிப்பு சற்று ஓய்ந்தது. தண்ணீர் விழுங்கினான். கண் என் மேல் இருந்தது. நினைவு இருந்ததா என்று எனக்குத் தெரியாது. தண்ணீர் விழுங்கியவன் மாத்திரையும் விழுங்கியிருப்பான் என்று நீங்கள் கேட்பீர்கள். விழுங்கியிருப்பான். ஆனால் அதை எடுத்தால், இவ்வளவு நேரம் எங்கே இருந்தது என்று முனியன் கேட்பார்.

அடிவாரத்தில், கச்சிராயப்பாளையம் ரோட்டில், ஒரு புளியமரம் குறுக்கே கிடந்தது. பத்துப் பேர் நின்றார்கள். அவர்களில் முன்னால் நின்றவர்தான் அய்யனார். குத்தகை நிலத்தில் கரும்பு போட்டிருந்தவர். தம்பி பி.ஏ. முடித்துவிட்டு மூன்று வருடமாக வேலையில்லாமல் இருக்கிறான் என்பதற்காக மறியலில் வந்து நின்றவர். மைதீன் பாய்க்குத் தன் சைக்கிளைக் கொடுத்து அனுப்பியதும் அவர்தான்.

“இன்னாங்க சார், இவருக்குத்தான் பாய் டாக்டர கூப்டப் போனாரா? டேய், வாங்கடா. சுத்திக்கினு போவ முடியாது, பள்ளம். மேலாலயே கை மாத்துங்க. தலைய புடி, தலைய புடி.”

மரத்துக்கு மேலாகவே கைக்குக் கை மாற்றி இறக்கினார்கள். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. முனியனையும் ஆட்களையும் அனுப்பிவிட்டு, அய்யனார் தன் மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டுவந்தார். மாட்டை விரட்டிக்கொண்டே கூட ஓடினார். அங்கிருந்து இரண்டு மைல் போயிருப்போம். வாய்க்கால் மதகுப் பக்கம் தமிழரசன் அடங்கிவிட்டான். மைதீன் பாய் கம்பவுண்டரோடு எதிரே வந்தபோது மணி நாலு. பாய் ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். அய்யனார் நுகத்தைப் பிடித்துக்கொண்டு அழுதார். முன்பின் தெரியாத ஆளுக்காக அப்படி அழுகிறவரை நான் பார்த்ததில்லை.

மறியலால் ஓர் உயிர் போனது என்று ஊரெல்லாம் பேச்சானது. மரத்தடியில் எவ்வளவு நேரம் நிறுத்தினார்கள் என்று உங்களுக்கு முன்பு இருந்த அதிகாரி என்னைக் கேட்டார். இரண்டு மணி நேரம், கெஞ்சியும் விடவில்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். அவன் சைக்கிளையே எடுத்துக் கொடுத்தான், அவனா நிறுத்துவான் என்று மைதீன் பாய் வாதாடிப் பார்த்தார். ஆனால் மரத்தைத் தூளி தாண்டியபோது பாய் அங்கே இல்லை. முனியனை யாரும் மலையேறிப் போய்க் கேட்கவில்லை. அய்யனார் மூன்று மாதமாக ஜெயிலில் இருக்கிறார். கரும்பு வெட்ட ஆளில்லாமல் நிலத்துக்காரர் நிலத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டார் என்றும், பி.ஏ. படித்த தம்பி பெங்களூரில் கல் உடைக்கப் போய்விட்டான் என்றும் கேள்வி.

அம்சவள்ளி ஒரே ஒரு தடவை சாமான் அறைக்கு வந்தாள். அவன் சட்டையையும் செருப்பையும் அந்தத் துணிப்பையையும் எடுத்துக் கொடுத்தேன். பையைத் திருப்பிப் பார்த்தாள்.

“ரெண்டா பிரிச்சிக் கட்டுவேன்னு சொன்னீங்களே சார். இன்னொண்ணு?”

“அதுவும் நனைஞ்சி போச்சிம்மா.”

“மலையில எதுனா ஆச்சின்னா மாஸ்டர்கிட்ட எல்லாம் இருக்கும்னு சொல்லுவாரு” என்றாள். குறை சொல்கிற குரலில்கூடச் சொல்லவில்லை. இப்போது அவள் உளுந்தூர்பேட்டையில் அண்ணன் வீட்டில் இருக்கிறாளாம். எந்நேரமும் அந்தப் பையை அலசி அலசிக் காயப்போடுகிறாள் என்று பாய் சொன்னார்.

இத்தனைக்கும் பிறகு நான் இங்கே வந்ததற்குக் காரணம் போன வாரம் நடந்த கூட்டம். அறைச் சாவியைக் கொடுத்துவிடச் சொன்னார்கள். “யாரும் உங்கள குத்தம் சொல்லல மாஸ்டர். வயசாயிடுச்சி, கட்டு தவறிப்போச்சி, அவ்ளோதான்” என்றார் மைதீன் பாய். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். தீர்மான நோட்டிலும் அப்படியே எழுதினார்கள். உங்கள் காகிதத்திலும், மருந்து கவனக்குறைவாகக் கட்டப்பட்டிருந்தது என்று ஒரு வரி இருக்கிறது.

கவனக்குறைவு எதுவும் இல்லை. உங்கள் மேஜைமேல் நான் வைத்திருக்கும் உள்பையைப் பிரித்துப் பாருங்கள். பதினாறு மாத்திரை. ஓடை, மழை, எட்டு மணி நேர வியர்வை எல்லாம் தாண்டி, அதற்குப் பிறகும் மூன்று மாதத்துக்கு மேலாகிவிட்டது. ஒன்றுகூட ஓரம் உதிரவில்லை. அந்த வரியை அடித்துவிட்டு, ராஜாங்கம் தெரிந்தே செய்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதில் கையெழுத்துப் போடுகிறேன். அய்யனாரை விடுவதும் வைத்திருப்பதும் உங்கள் விருப்பம். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை.

தமிழரசன் சாக வேண்டும் என்று ஒரு நாளும் நான் நினைத்ததில்லை. நல்ல பையன். எதையும் ஒரு தடவைக்கு மேல் கேட்க மாட்டான், அதுதான் அவனிடம் இருந்த குறை. அன்றைக்குப் பாறைமேல் இன்னொரு தடவை கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன்.